எஞ்சினுக்குப் பலம் வந்தது, நம் மூட்டைக்கு?

சரக்கு ரயிலின் எஞ்சின் மாறினால் மளிகைக் கடைக்காரருக்கு என்ன என்று சிலர் கேட்கலாம். வடக்கேயிருந்து நமக்குக் கோதுமையும் சர்க்கரையும் வந்து சேர்வது பெரும்பாலும் அந்த வண்டியில்தானே!

வாரணாசியில் 1964 முதல் தயாரான டீசல் எஞ்சின் டபிள்யூ.டி.எம்.2-க்கு 2,600 குதிரைத்திறன். வெகுகாலம் நம் சரக்கை இழுத்தது அதுதான். மின்சார எஞ்சினில் டபிள்யூ.ஏ.ஜி.7-க்கு 5,000, அடுத்து வந்த டபிள்யூ.ஏ.ஜி.9-க்கு 6,000. பீகார் மாநிலம் மாதேபுராவில் கட்டி, 2020 மே மாதம் ஓட்டத்துக்கு வந்த டபிள்யூ.ஏ.ஜி.12-க்கோ 12,000! புது எஞ்சின் இறக்கத்தில் பிரேக் பிடிக்கும்போது அதன் மோட்டாரே மின்சாரம் உண்டாக்கி, மேலே உள்ள கம்பிக்குத் திருப்பித் தருகிறது. வியாபாரி பாஷையில் சொன்னால், செலவில் ஒரு பகுதி வரவாகத் திரும்புகிறது.

இதில் நமக்குக் கிடைத்த லாபத்தை மறைக்கக் கூடாது. அகலப் பாதை முடிந்து மீட்டர் கேஜ் தொடங்கும் இடத்தில், கொக்கி போட்டு மூட்டையை இறக்கி ஏற்றிய காலத்தில் சிந்திய பருப்புக்குக் கணக்கே கிடையாது. 1992-இல் தொடங்கிய ஒரே அகலப் பாதைத் திட்டத்தால் அந்தத் தொல்லை தீர்ந்தது.

ஆனால் பலமான எஞ்சினுக்கு முழு ரேக் வேண்டும். சுமார் 42 வேகன், ஏறத்தாழ 2,500 டன். ஒரு வேகன், இரண்டு வேகன் என்று புக் செய்த காலம் போய்விட்டது. யார்டுக்கு யார்டு கழற்றி மாட்டினால் ரயில்வேக்குக் கட்டுப்படியாகாது என்பது நியாயம்தான். அதனால் பத்து டன் வாங்குகிற நாம் லாரியைத் தேடுகிறோம். டீசல் விலை ஏறும்போதெல்லாம் வாடகையும் ஏறுகிறது.

வழி இல்லாமல் இல்லை. 20 வேகன் கொண்ட மினி ரேக் உண்டு. சுமார் 1,200 டன். ஒரு ஊர் வியாபாரிகளுக்கு அது அதிகம். நாலைந்து ஊர்ச் சங்கங்கள் சேர்ந்தால் முடியும். சிக்கல் இறக்குவதில்தான். குறித்த நேரத்துக்குள் வேகன் காலியாகாவிட்டால் டெமரேஜ். மழை பிடித்தால், மேற்கூரை இல்லாத குட்ஸ் ஷெட்டில் சர்க்கரை மூட்டை என்னாவது? சுமை தூக்குவோர், குடோன், லாரி மூன்றும் முன்கூட்டியே தயாராக வேண்டும்.

அடுத்த தீபாவளிக்கு ஒரே இடத்திலிருந்து சர்க்கரை மட்டும் வரவழைத்துப் பார்க்கலாம் என்பது நம் எண்ணம். கடைக்கு எத்தனை மூட்டை தேவை என்பதை அந்தந்த ஊர்ச் சங்கத்தில் எழுதிக் கொடுங்கள். குட்ஸ் ஷெட்டுக்குக் கூரை கேட்டு ரயில்வேக்கு மனுக் கொடுக்கும்போது அந்தக் கணக்கையும் உடன் வைக்கலாம்.