வீடு எரியவில்லை, பின் எதற்குப் போம்பா வண்டி?

"இங்க எந்த வீடு பத்திக்கிட்டு எரியுது? எதுக்குய்யா போம்பா வண்டி வந்து நிக்குது?" என்று இரண்டாம் மாடி வராந்தாவில் நின்றுகொண்டு ஓர் அம்மா சத்தம் போட்டார். அவரைக் குறை சொல்லி என்ன பயன்? அன்று மாலை அந்த அடுக்குமாடியில் கூடி நின்ற பாதிப் பேருக்கு அதே கேள்விதான். உண்மையைச் சொன்னால், நமக்கும் அது விளங்கவில்லை.

தோட்டம் துண்டாடப்பட்டு வீடமைப்புக்குப் போன பிறகு, நம் மக்களில் பலர் வந்து சேர்ந்த மலிவு விலை அடுக்குமாடி அது. ஐந்து மாடி, லிப்ட் கிடையாது. நான்காம் மாடியில் ஒரு பெரியவர். இருபத்தெட்டு வருடம் பால் மரம் சீவியவர். பழைய தோட்டத்துக் கணக்கு விஷயமாக அவரைப் பார்க்கப் போயிருந்தோம். பேசிக்கொண்டிருக்கும்போதே அவருக்கு வியர்த்துக் கொட்டியது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். இடது கை வலிக்கிறது என்றார். மகன் உடனே 999-க்குப் போன் போட்டார்.

அதுவரை எல்லாம் சரி. அதற்குப் பிறகு நாம் செய்ததுதான் தப்பு. "அண்ணே, ஆம்புலன்ஸ் வர்றதுக்குள்ள மெதுவா கீழ எறங்கிடுவோமே, நேரம் மிச்சமாகும்" என்று யோசனை சொன்னவர் வேறு யாருமல்ல, நாமேதான். அவரும் தலையாட்டினார். ஆயுசு முழுக்கப் பால் வாளி சுமந்த மனிதருக்கு, தன்னை இன்னொருவர் தூக்குவது வெட்கமாக இருக்குமல்லவா? இரண்டு பேர் தோள் கொடுக்க, ஒரு மாடிதான் இறங்கினார். படி திரும்பும் இடத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். முகம் சாம்பல் பூத்த மாதிரி ஆகிவிட்டது.

ஆம்புலன்சில் வந்தவர்கள் இரண்டு பேர். பிராணவாயு வைத்தார்கள். "இனி ஒரு படி கூட நடக்கக் கூடாது" என்று கண்டிப்பாகச் சொன்னார்கள். பெரியவர் தொண்ணூறு கிலோவுக்குக் குறைய மாட்டார். ஒடுக்கமான படிக்கட்டு. அவர்கள் தகவல் சொல்லித்தான் போம்பா வந்தது. வாசலில் குறுக்கும் நெடுக்குமாகக் கார்கள் நின்றதால் வண்டி உள்ளே நுழைய முடியவில்லை. பையன்கள் ரோட்டிலிருந்து ஓடியே வந்தார்கள். பெரியவர் மரியாதைக்காக எழுந்திருக்கப் பார்த்தார். "பாக்சிக், டுடுக் சாஜா" என்று தோளைத் தொட்டு உட்கார வைத்தார் ஒருவர். நாற்காலி மாதிரியான ஒரு தூக்குக் கருவியில் வைத்து வாரால் கட்டி, நான்கு பேர் பிடித்துக் கீழே கொண்டுபோனார்கள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்ட முதல் கேள்வி: "இவரை யார் நடக்க வைத்தது?" நாம் தலையைக் குனிந்துகொண்டோம்.

விஷயம் இதுதான், தோழர்களே. மாரடைப்பு என்றால் இருதயத் தசைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் அடைபடுகிறது. தசை பட்டினி கிடக்கிறது. அந்த நேரத்தில் நடந்தால், படி இறங்கினால், இருதயம் இன்னும் வேகமாக வேலை செய்ய வேண்டும். பட்டினி கிடக்கும் தசை இன்னும் கொஞ்சம் சாகும். நடக்க முடிந்தாலும் நடக்க விடாமல் தூக்குவது அதற்காகத்தான். ஆளுக்குச் சொகுசு காட்டுவதற்கல்ல.

சரி, அதை ஆம்புலன்ஸ்காரர்களே செய்யலாமே? ஒரு தடவை தூக்கிப் பார்த்தால் தெரியும். படியில் கனமான ஆளை இறக்க, தூக்குகிறவர்கள் தவிர, பின்னால் காலடி வைத்து இறங்குகிறவரின் முதுகைத் தாங்க ஒருவர் வேண்டும். பிராணவாயுத் தோம்பைச் சுமக்க ஒருவர். நோயாளியின் முகத்தையும் மூச்சையும் பார்த்துக்கொண்டே வர ஒருவர். வழியில் இருதயம் நின்றே போனால் கேட்கவே வேண்டாம். நெஞ்சின் நடுவில் நிமிடத்துக்கு நூறிலிருந்து நூற்றிருபது தடவை, ஐந்து சென்டிமீட்டருக்குக் குறையாமல் அழுத்த வேண்டும். எவ்வளவு பலசாலியானாலும் இரண்டு நிமிடத்தில் கை சோர்ந்துவிடும். ஆள் மாற வேண்டும். இரண்டு பேரை வைத்துக்கொண்டு இதையெல்லாம் எப்படிச் செய்வது? தீயணைப்பு வண்டியில் ஆட்கள் கூட்டமாக வருகிறார்கள். குறுகிய இடத்திலிருந்து ஆளைப் பத்திரமாக வெளியே எடுப்பது அவர்கள் பழகிய வேலை.

சட்டத்திலும் இதற்கு இடம் உண்டு. 1988-ஆம் ஆண்டின் தீயணைப்புச் சேவைச் சட்டம், தீயை அணைப்பதோடு மனிதாபிமானச் சேவையையும் அந்த இலாகாவின் கடமையாகச் சொல்கிறது. பிறகுதான் இலாகாவின் பெயரிலேயே 'மீட்பு' என்பதும் சேர்ந்தது. முன்பு 994 என்று போம்பாவுக்குத் தனி நம்பர் இருந்ததைப் பழைய ஆட்கள் மறந்திருக்க மாட்டார்கள். 2007-இல் எல்லாம் 999-க்குள் வந்துவிட்டன. ஆகவே ஆம்புலன்ஸ் கேட்ட வீட்டுக்குச் சிவப்பு வண்டியும் வந்தால் யாரோ தப்பாக அனுப்பிவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம்.

தோட்டத்துக்குள் இது இன்னும் முக்கியம். செம்பனைக் குலை ஒன்று இருபது கிலோ வரும். அது உயரத்திலிருந்து கழுத்திலோ முதுகிலோ விழுந்தால் என்ன செய்கிறோம்? நான்கு பேர் ஓடிப்போய், ஆளுக்கொரு கை, ஆளுக்கொரு கால் பிடித்து, லாரியில் போடுகிறோம். அன்பினால் செய்வதுதான். ஆனால் கழுத்தெலும்பு முறிந்திருந்தால், அந்த ஒரு தூக்கலில் நரம்புத் தண்டு அறுந்து, கை கால் விளங்காமல் போகலாம். தீயோ வெள்ளமோ வந்து உயிருக்கு ஆபத்து என்றாலொழிய, தலையை அசையாமல் பிடித்துக்கொண்டு, பலகையோடு வருகிறவர்களுக்குக் காத்திருக்க வேண்டும்.

பாம்புக்கடியும் அப்படித்தான். கெடா, பெர்லிஸ் பக்கத்து ரப்பர்க் காடுகளில் 'ஊலார் காப்பாக்' என்று மலாயில் சொல்லும் விரியன் சருகோடு சருகாகக் கிடக்கும். கடிபட்டவர் நடந்தால், கால் தசை அசைய அசைய விஷம் மேலே ஏறும். கயிற்றால் இறுக்கிக் கட்டுவதும் பிளேடால் கீறுவதும் வேண்டாம். காலை ஆடாமல் வைத்து, ஆளைப் படுக்க வைத்துத் தூக்கிப் போக வேண்டும். நம் பாட்டன்மார் சாரோங்கை மூங்கிலில் தூளியாகக் கட்டி, நோயாளியைத் தோட்டத்து ஆஸ்பத்திரிக்குச் சுமந்து போனார்கள். படிக்காதவர்கள் என்கிறோம், கடிபட்டவரை நடக்கவிடாத விஷயத்தில் அவர்கள் செய்தது சரிதான்.

ஆனால் போம்பா வர வேண்டுமென்றால் வழி திறந்திருக்க வேண்டுமே! ஒரு தோட்டத்தில் (பெயர் வேண்டாம்) இரவு ஆம்புலன்ஸ் வந்து கால் மணி நேரம் கேட்டுக்கு வெளியே நின்றது. சங்கிலிப் பூட்டு, காவலாளியிடம் சாவி இல்லை. சாவி மானேஜர் பங்களாவில் தூங்கிக்கொண்டிருந்தது. 'பதினாலாம் நம்பர் பிளாக்' என்று நாம் போனில் சொல்வதும் வெளியாளுக்கு எப்படிப் புரியும்? பெரிய ரோட்டு முச்சந்தியில் டார்ச்லைட்டோடு ஓர் ஆளை நிறுத்த வேண்டும்.

1994-ஆம் ஆண்டு தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டப்படி, நாற்பது பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்புக் குழு இருந்தாக வேண்டும். கிளைத் தலைவர்கள் அடுத்த கூட்டத்தில் மூன்றைக் கேளுங்கள்: இரவில் கேட் சாவி யாரிடம் இருக்கும்? ஸ்ட்ரெச்சர் எங்கே இருக்கிறது? தீயணைப்பு வண்டியின் பாரத்தை நம் பாலம் தாங்குமா? பதிலைக் கூட்டக் குறிப்பில் எழுத வையுங்கள். வாய்ப் பேச்சு உதவாது.

அந்தப் பெரியவரைப் போன மாதம் பார்த்தோம். மாத்திரை சாப்பிட்டுக்கொண்டு இருக்கிறார். கீழ் வீடு ஒன்று மாற்றித் தரும்படி மனு எழுதிக் கொடுத்திருக்கிறோம். பதில் இன்னும் வரவில்லை. வாரம் ஒரு தடவைதான் கீழே இறங்குகிறார்.

"அந்தப் பையனுங்க பேரு எதுவும் தெரியுமா தம்பி?" என்று கேட்டார். "ஒருத்தன் என் செருப்பைக் கூடக் கையில எடுத்துக்கிட்டு வந்தான்."

நாம் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. அடுத்த வாரம் அந்த நிலையத்துக்குப் போய் விசாரித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டு வந்தோம்.