பழைய வண்டியின் எஞ்சின்: புதுப்பிப்பதா, மாற்றுவதா?

காணிப்பாக்கம், ஐராலா, சித்தூர் சுற்றுப்புறங்களில் குடியேறியுள்ள நம்மவர் குடும்பங்கள் சிலவற்றுக்கு ஒரு பழைய பிக்கப் வண்டியே சோறு போடுகிறது. கோடையில் தோத்தாபுரி மாங்காயையும், மற்றக் காலங்களில் வெல்லத்தையும் காய்கறியையும் சுமக்கும் அவ்வண்டி, ஒருநாள் மேட்டில் இழுக்க மாட்டாமல் புகை கக்கி நின்றுவிடுமாயின், வீட்டில் இரண்டு கட்சிகள் தோன்றிவிடுகின்றன. “எஞ்சினைப் பிரித்து வேலை செய்துவிடலாம்” என்பார் ஒருவர். “சென்னை புதுப்பேட்டையில் நல்ல எஞ்சின் கிடைக்கும், மாற்றிவிடலாம்” என்பார் மற்றவர். நம் அபிப்பிராயத்தை முதலிலேயே கூறிவிடுகிறோம்: பிளாக் பழுதற்றிருக்கும் வரையில் புதுப்பிப்பதே மேல்.

அதற்கு முன் நோய் எதுவென்று அறிய வேண்டும். கரும்புகையைக் கண்டு அஞ்ச வேண்டுவதில்லை. ஏர் பில்டர் அடைபட்டிருக்கலாம், அல்லது நாசில் கெட்டிருக்கலாம். இவை சிறு செலவில் தீர்வன. நீலப்புகையோ எண்ணெய் எரிவதற்கு அறிகுறி. எஞ்சின் நன்கு சூடேறிய பின்னும் வெண்புகை நில்லாமல், ரேடியேட்டரில் தண்ணீரும் குறைந்துவருமாயின் ஹெட் கேஸ்கட்டை ஐயுற வேண்டும். எஞ்சின் ஓடுகையில் எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்தால் ஆவி குபுகுபுவெனப் பீறிடுவது ரிங்கும் சிலிண்டரும் தேய்ந்ததைக் காட்டும். நான்கு சிலிண்டர்களிலும் கம்ப்ரஷனை அளந்து பார்க்கச் சொல்லுங்கள். ஒன்றில் மட்டும் குறைவானால் வால்வுக் கோளாறாகவும் இருக்கலாம். நான்கிலும் ஒருசேரக் குறைந்தால் தேய்மானமே.

தேய்மானத்துக்கு லேத் பட்டறையில் மருந்து உண்டு. சிலிண்டரைப் போரிங் செய்து, கால் மில்லிமீட்டர், அரை மில்லிமீட்டர் என்ற கணக்கில் பெரிதான பிஸ்டனைப் போடலாம். லைனர் உள்ள எஞ்சினாயின் லைனரையே மாற்றலாம். கிராங்கை அளந்து, வேண்டிய அளவு கிரைண்டிங் செய்து, அதற்கேற்ற பேரிங் போடுவார்கள். ஹெட்டைச் சமன்செய்து வால்வு சீட்டுகளைத் திருத்துவதும், ஆயில் பம்ப்பைச் சோதிப்பதும், டீசல் பம்ப்பைக் கலிப்ரேஷனுக்கு அனுப்புவதும் இதனோடு சேர்ந்தவை. இவற்றில் பாதியை விட்டுவிட்டு ரிங் மட்டும் மாற்றுவது பணத்தைப் பாழாக்குவதே. பிளாக்கில் வெடிப்பு இருந்தாலோ, கிராங்க் மேலும் கிரைண்டிங் தாங்காதென்றாலோதான் மாற்று எஞ்சினைப் பற்றி யோசிக்க வேண்டும்.

பழைய எஞ்சின் வாங்குவோர் விற்பவரது வாய்ச்சொல்லை நம்புகின்றனர். காணிப்பாக்கத்துப் பிள்ளையார் முன்பு பொய்ச் சத்தியம் செய்ய எவரும் அஞ்சுவர் என்பது இப்பக்கத்து நம்பிக்கை; ஆனால் புதுப்பேட்டை இங்கிருந்து ஏறத்தாழ 150 கிலோமீட்டர். ஆகவே ஓடவிட்டுப் பார்த்து, கம்ப்ரஷன் அளந்து, எஞ்சின் எண் அழிக்கப்படாமல் இருப்பதையும் உறுதிசெய்து, ரசீதுடன் வாங்குவதே உத்தமம். அந்த எஞ்சினையும் பிறகு பிரிக்க நேர்ந்தால் செலவு இரட்டிப்பாகும்.

வேறு வகை எஞ்சினைப் பொருத்துவது இன்னும் சிக்கலானது. பழைய மகிந்திரா வண்டிகளில் 2112 சி.சி. பெஜோ எஞ்சினும் உண்டு, 2523 சி.சி. டி.ஐ. எஞ்சினும் உண்டு. ஒன்றை எடுத்து மற்றதை வைத்தால் மவுண்டிங், கியர்பாக்ஸ் இணைப்பு, ரேடியேட்டர், சைலன்சர் யாவும் ஒத்துவர வேண்டும். அதனினும் பெரியது சட்டம். 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, உற்பத்தியாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றலாகாது என்கிறது; உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் இதனை வலியுறுத்தியது. அதே வகை எஞ்சினானாலும் எண் மாறுகிறதல்லவா? வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் அனுமதி பெற்று, ஆர்.சி.யில் புதிய எண்ணைப் பதிய வேண்டும். பதியாத வண்டி விபத்துக்குள்ளானால், இன்ஷூரன்ஸ் கம்பெனியோடு வழக்காட வேண்டிவரும். புதுப்பித்த எஞ்சினுக்கோ, பிளாக்கில் பொறித்த எண் மாறுவதில்லை, இத்தொல்லை ஏதுமில்லை.

ரயில்வேயிலும் இக்கேள்வி எழுந்ததுண்டு. நடு ஆயுள் புதுப்பிப்புக்கு வந்த இரண்டு 2600 குதிரைத்திறன் டீசல் எஞ்சின்களை 2018-இல் வாராணசித் தொழிற்சாலையில் மின்சார எஞ்சின்களாக மாற்றி, இரண்டையும் இணைத்து 10,000 குதிரைத்திறன் பெற்றார்கள். வியக்கத்தக்க வேலைதான். ஆனால் ரயில்வேக்கு இவற்றை ஆராய லக்னோவில் ஆர்.டி.எஸ்.ஓ. என்ற தனி நிறுவனமே உண்டு. மாங்காய் ஏற்றும் பிக்கப்புக்கு யார் இருக்கிறார்கள்?

தமிழ்நாட்டுப் பதிவெண்ணோடு இங்கே ஓடும் வண்டிகளுக்கு மற்றொரு சங்கடம். வேறு மாநிலத்தில் 12 மாதங்களுக்கு மேல் வைத்திருக்கும் வண்டிக்கு அம்மாநிலப் பதிவெண் பெற வேண்டும் என்பது 47-ஆம் பிரிவு. அதற்குப் பழைய அலுவலகத்தின் ஆட்சேபமில்லாச் சான்று தேவை. எஞ்சினை மாற்றிவிட்டுப் பிறகு சான்று கேட்கச் சென்றால் எண் ஒவ்வாமையால் இரு மாநிலங்களுக்கும் அலைய நேரிடும். பதிவை முதலில் முடித்துக்கொள்ளுங்கள். எட்டு ஆண்டு கடந்த வாடகை வண்டி ஆண்டுதோறும் எப்.சி. காட்ட வேண்டும், 15 ஆண்டு கடந்தவற்றுக்குக் கட்டணமும் 2022 ஏப்ரலில் வெகுவாக உயர்ந்தது. சேஸிஸ் துருப்பிடித்திருந்தால் எந்த எஞ்சினுக்கும் செலவிட வேண்டாம்.

புதுப்பிக்கும் வேலைக்கு இரண்டு மூன்று வாரங்களாவது வண்டி நிற்கும். மாங்காய்க் காலத்திலும், விநாயக சதுர்த்தியில் தொடங்கி 21 நாள் நடக்கும் பிரம்மோத்சவத்தின்போதும் அது கட்டுபடியாகாது. உற்சவம் முடிந்து மழை தொடங்கும் ஐப்பசியில் பட்டறைக்கு விடுவது சௌகரியம். வெளிவந்த பின் முதல் 1000 கிலோமீட்டருக்கு முழுப் பாரம் ஏற்றாமல், வேகத்தையும் அடக்கி ஓட்டி, 500-இலேயே எண்ணெயை மாற்றிவிடச் சொல்லுங்கள். ஓட்டுவது கூலி டிரைவரானால் இதை இருமுறை சொல்லுங்கள்.