அறுபது வயது ராம்போவும் ஒரு நிஜப் போரும்

அறுபது வயதான ஒருவரை மறுபடி காட்டுக்குள் அனுப்பி, ஒரு படையையே எதிர்க்க வைத்தால் பார்ப்பவர்கள் நம்புவார்களா? இருபது வருடம் கழித்து வரும் சீக்வல் என்றாலே முதலில் எழும் சந்தேகம் இதுதான். கூடவே இன்னொரு கேள்வியும் வரும்: பழைய ஹீரோவைக் கொண்டுவந்தது சரி, இவ்வளவு ரத்தம் எதற்கு? சில்வஸ்டர் ஸ்டாலோன் 2008-இல் இயக்கி நடித்த ‘ராம்போ’ படத்தை வைத்து இரண்டுக்கும் பதில் தேடுவோம். இந்தப் படத்தைப் பொறுத்தவரை இரண்டும் ஒரே கேள்விதான் என்பது என் கருத்து.

ராம்போ யார் என்பதிலிருந்து தொடங்க வேண்டும். டேவிட் மோரெல் 1972-இல் எழுதிய ‘ஃபர்ஸ்ட் பிளட்’ நாவலில் பிறந்தவன் அவன். வியட்நாம் போரிலிருந்து மனம் சிதைந்து திரும்பிய சிப்பாய். நாவலின் முடிவில், அவனைப் பயிற்றுவித்த ட்ராட்மேனே அவனைச் சுட்டுக் கொல்கிறார். 1982-இல் டெட் கோட்செஃப் அதைப் படமாக்கியபோதும் ராம்போ சாகும் முடிவைத்தான் முதலில் எடுத்தார்கள். முன்னோட்டக் காட்சி பார்த்தவர்களுக்கு அது பிடிக்கவில்லை. அதனால் அவன் உடைந்து அழுது சரணடையும் முடிவு வந்தது.

அந்த முதல் படத்தை இன்று பார்ப்பவர்கள் திகைத்துப்போவார்கள். படத்தின் தொடக்கத்தில் ராம்போ ஒரு பழைய ராணுவ நண்பனைத் தேடி நடந்து வருகிறான். வியட்நாமில் தெளித்த ரசாயனத்தால் புற்றுநோய் வந்து நண்பன் இறந்துவிட்டான் என்று தெரிகிறது. அடுத்த ஊரில் அவன் தோற்றத்தைப் பார்த்தே ஷெரிஃப் விரட்டுகிறார். சண்டை அங்கே பிறக்கிறது. படம் முழுக்க ஒரே ஒருவர்தான் சாகிறார், அதுவும் ஹெலிகாப்டரிலிருந்து விழுந்து. ராம்போ என்றால் துப்பாக்கி மழை என்று நினைக்கிறோமே, அந்த ராம்போ பிறகு வந்தவன்.

அவன் 1985-இல் வந்தான். இரண்டாம் பாகத்தில் சட்டை இல்லாத உடம்பும் வெடிக்கும் அம்புமாக வியட்நாமுக்கே திரும்பிப் போய், தோற்ற போரை ஒற்றை ஆளாக ஜெயித்துக் கொடுத்தான். அடுத்த முறை சிக்கல் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று ‘ராம்போ’ பார்த்துத் தெரிந்துகொண்டதாக அமெரிக்க அதிபர் ரீகன் வேடிக்கையாகச் சொல்லும் அளவுக்கு அந்தப் பெயர் பரவியது. அதில் எதிரிகள் விழுவார்கள், வலி தெரியாது. போரால் சிதைந்தவன் போருக்கே விளம்பரமாகிப் போனான். 1988-இல் மூன்றாம் பாகம் ஆப்கானிஸ்தானுக்குப் போனது. மே 15-இல் சோவியத் படைகள் அங்கிருந்து வெளியேறத் தொடங்கின. மே 25-இல் அமெரிக்காவில் படம் வெளியானது. திரையில் ராம்போ மோதிய எதிரி, நிஜத்தில் பத்து நாள் முன்பே கிளம்பத் தொடங்கியிருந்தான். பிறகு பனிப்போரும் முடிந்தது. படங்களைத் தயாரித்த கரோல்கோ நிறுவனம் 1990-களின் நடுவில் திவாலானது. இருபது வருட இடைவெளி விழுந்தது இப்படித்தான்.

பழைய வீட்டைப் புதுப்பிக்க வரும் நல்ல கொத்தனார் முதலில் சுவரைத் தட்டிப் பார்ப்பார். எது கூரையைத் தாங்கும் சுவர், எது பிற்பாடு எழுப்பிய தடுப்பு என்று தெரிந்த பிறகுதான் இடிப்பார். நாலாம் பாகத்தில் ஸ்டாலோன் செய்தது அந்த வேலை. எண்பதுகளின் அட்டகாசத்தைத் தடுப்புச் சுவர் என்று தள்ளிவிட்டு, போர் நசுக்கிய மனிதன் என்ற 1982-இன் சுவரை வைத்துக்கொண்டார். படத்தில் ராம்போவுக்கு ஒரு கெட்ட கனவு வருகிறது. அதில் ட்ராட்மேன் கையால் அவன் சுடப்படுவதாக ஒரு துண்டு ஓடும். 1982-இல் எடுத்து ஒதுக்கிய அந்த முடிவேதான் அது! அன்றைக்கே செத்திருக்க வேண்டியவன் இன்னும் உயிரோடு இருக்கிறான் என்ற எண்ணம் அவனுக்குள் ஓடுவதை அந்தப் பழைய ஃபிலிம் சொல்லிவிடுகிறது.

இப்போது வயது. தாய்லாந்தில் படப்பிடிப்பு நடந்த 2007-இன் தொடக்கத்தில் ஸ்டாலோனுக்கு அறுபது. கதையில் ராம்போ தாய்லாந்தின் எல்லைப்புறத்தில் பாம்பு பிடித்து விற்கிறான், சால்வீன் ஆற்றில் படகு ஓட்டுகிறான். உடல் கனத்திருக்கிறது. நடையில் வேகம் இல்லை. எண்பதுகளின் போஸ்டர்களை நிறைத்த திறந்த மார்பு சண்டைக் காட்சிகளில் இல்லை. சட்டையோடுதான் சண்டை போடுகிறான். மருந்தும் புத்தகமும் எடுத்துக்கொண்டு பர்மாவுக்குள் போக விரும்பும் கிறிஸ்தவத் தொண்டர்கள் படகு கேட்டு வரும்போது முடியாது என்கிறான். அவர்களால் எதுவும் மாறாது என்கிறான். இந்த மறுப்புதான் முதுமையின் முதல் அடையாளம். இளைஞன் ராம்போ அலுத்துப்போய் மறுத்தால் நமக்கு நடிப்பாகத் தெரியும். இவன் மறுக்கும்போது பின்னால் மூன்று படங்களின் களைப்பு நிற்கிறது.

இன்னொரு காட்சியை நெருங்கிப் பார்க்கலாம். கடைசியில் இணங்கி அவன் படகில் கொண்டுபோய் விட்ட தொண்டர்கள் பிடிபட்ட செய்தி வந்த பிறகு, ராம்போ இரவில் தன் பட்டறையில் இரும்பைக் காய்ச்சி அடிக்கிறான். தனக்கான வெட்டுக்கத்தியைத் தானே செய்துகொள்கிறான். பழைய படங்களில் ஹீரோ ஆயுதம் பூணும் காட்சி கைதட்டலுக்காக இருக்கும்: நெற்றிப்பட்டையும் தோட்டா மாலையும் துண்டுதுண்டு ஷாட்களாகக் காட்டுவார்கள். இங்கே உலையின் வெளிச்சத்தில் ஒரு கிழடு தட்டிய முகம் தெரிகிறது. தான் கொன்றது நாட்டுக்காக அல்ல, தனக்காகத்தான் என்று அவன் மனக்குரல் ஒப்புக்கொள்கிறது. இரண்டாம் பாகத்தின் பெருமை முழுவதையும் அந்த ஒப்புதல் ரத்து செய்துவிடுகிறது.

திரைக்கு வெளியேயும் வயது தன் கணக்கைக் காட்டியது. 2007-இல் சிட்னிக்கு வந்த ஸ்டாலோனிடம் தடைசெய்யப்பட்ட வளர்ச்சி ஹார்மோன் மருந்து இருந்ததைச் சுங்கத்துறை கண்டுபிடித்தது. அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார், நீதிமன்றம் அபராதம் விதித்தது. ஆக்‌ஷன் ஹீரோவின் உடலைப் பார்த்து அந்த வயதில் இதெல்லாம் சாதாரணம் என்று எவரும் நினைத்துவிடக் கூடாது.

இனி போருக்கு வருவோம். உலகம் கவனிக்காத போர் எது என்று விசாரித்துத்தான் ஸ்டாலோன் பர்மாவைத் தேர்ந்தெடுத்தார். 1948-இல் பர்மா சுதந்திரம் பெற்றது. 1949 முதல் அங்கே கரேன் இனத்தவர் ஆயுதம் ஏந்திப் போராடி வருகிறார்கள். உலகின் மிக நீண்ட உள்நாட்டுப் போர்களில் அது ஒன்று. ராணுவம் கிராமங்களை எரித்தது, மக்களைச் சுமை தூக்க இழுத்துச் சென்றது, கண்ணிவெடி இருக்கும் பாதையில் அவர்களையே முன்னால் நடக்க விட்டது. மனித உரிமை அமைப்புகள் ஆண்டுக்கணக்காக இதையெல்லாம் பதிவு செய்திருக்கின்றன. எல்லை தாண்டி வந்தவர்களால் தாய்லாந்தின் மே லா போன்ற முகாம்கள் நிரம்பின.

படம் நிஜச் செய்திப் படத் துண்டுகளோடு தொடங்குகிறது. அடுத்து ஒரு வயல். சிப்பாய்கள் தண்ணீர் நிற்கும் வயலுக்குள் கண்ணிவெடிகளை வீசிவிட்டு, பிடித்து வந்த கிராமத்தினரை அதற்குள் ஓடச் சொல்கிறார்கள். யார் பிழைப்பார் என்று பந்தயம் கட்டுகிறார்கள். நாயகன் முகத்தைப் பார்க்கும் முன்பே, இந்தக் கதையில் சாவது யார் என்று நமக்குத் தெரிந்துவிடுகிறது. வன்முறை பற்றிய கேள்விக்கான பதில் இங்கேதான் இருக்கிறது.

1985-இன் வன்முறையில் பொய் இருந்தது. துப்பாக்கி சுட்டால் மனித உடலுக்கு என்ன ஆகும் என்பதை அது மறைத்தது. 2008-இன் படம் அதை மறைக்க மறுக்கிறது. கிராமத்தைத் தாக்கும் காட்சியில் குழந்தைகளும் தப்புவதில்லை. பார்க்கவே முடியாது. க்ளைமாக்ஸில் ராம்போ ஒரு வண்டியில் பொருத்திய கனரக மெஷின் கன்னைக் கைப்பற்றுகிறான். பிறகு அவன் ஓடுவதில்லை, குதிப்பதில்லை. நின்ற இடத்தில் நின்று சுடுகிறான், உடல்கள் சிதறுகின்றன. அறுபது வயது உடலுக்கு ஏற்ற சண்டை இது. வேலையைச் செய்வது அவன் தசை இல்லை, இயந்திரம். அதனாலேயே அதில் வீரத்தின் அழகு ஏறுவதில்லை. வயதை மறைக்காத அதே நேர்மைதான் காயத்தையும் மறைக்காமல் காட்டுகிறது என்று நான் சொல்வது இதனால்தான்.

தொண்டர்களின் தலைவர் மைக்கேலின் கதையும் இங்கே சேர்கிறது. ஆற்றில் கொள்ளையரை ராம்போ சுட்டபோது, உயிரைப் பறிப்பது ஒருபோதும் சரியாகாது என்று கடிந்தவர் அவர். கடைசிச் சண்டையில் அதே மனிதர் ஒரு சிப்பாயைக் கல்லால் அடித்துக் கொல்கிறார். படம் அவரைக் கேலி செய்யவில்லை. கொன்ற பிறகு அவர் முகத்தில் தெரியும் அதிர்ச்சியைக் காட்டுகிறது. நல்லவர்களையும் போர் என்ன செய்துவிடும் என்பதே அங்கே விஷயம். தன் நாவலின் தொனி ராம்போ படங்களில் முதல்முறையாக இதில்தான் வந்திருக்கிறது என்று மோரெல் எழுதினார். மூலம் எழுதியவர் தன் மகனை அடையாளம் கண்டுகொண்டார்.

குறையும் இருக்கிறது, சொல்லியாக வேண்டும். கரேன் மக்கள் பெரும்பாலும் துன்பப்படுபவர்களாக மட்டுமே வருகிறார்கள். கரேன் போராளிகள் கடைசிச் சண்டையில் துணைக்கு வருகிறார்கள், ஆனால் நினைவில் நிற்கும்படி ஒரு பெயரோ ஒரு வீட்டுக் கதையோ அவர்களுக்கு இல்லை. வில்லனான மேஜரும் கொடூரத்தின் உருவமாக மட்டும் நிற்கிறார். அறுபது வருடம் போராடிய ஓர் இனத்துக்கு ஒரு பாத்திரமாவது முழுதாகக் கொடுத்திருக்கலாம். அப்படியும், பர்மிய ராணுவ அரசு தடைசெய்த இந்தப் படத்தின் குறுந்தகடுகள் அங்கே ரகசியமாகப் பரவின. அதன் வசனத்தைக் கரேன் போராளிகள் முழக்கமாக எடுத்துக்கொண்டதாகச் செய்தி வந்தபோது ஸ்டாலோன் பெருமைப்பட்டார். தங்கள் துயரம் ஒரு பெரிய திரையில் பெயர் சொல்லிக் காட்டப்பட்டது அவர்களுக்கு எவ்வளவு பெரிதாக இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

2019-இல் வந்த அடுத்த ராம்போ படமான ‘லாஸ்ட் பிளட்’டைப் பக்கத்தில் வைத்தால், ஒரு நிஜப் போர் இந்தப் படத்துக்கு என்ன தந்தது என்பது இன்னும் தெளிவாகும். ராம்போவுக்கு வயது கூடியிருக்கிறது, ரத்தமும் குறையவில்லை. ஆனால் எதிரிகள் மெக்சிகோவின் கடத்தல் கும்பல். ஒரு குடும்பப் பழிவாங்கல் கதை. எந்த மக்களின் வரலாறும் அதில் இல்லை. ராம்போ என்ற பெயரை எடுத்துவிட்டால் யார் வேண்டுமானாலும் நடிக்கக்கூடிய கதை. அந்தப் படத்தோடு தன் பெயர் சேர்ந்திருப்பதே சங்கடமாக இருக்கிறது என்று மோரெல் வெளிப்படையாகச் சொன்னார். வயதும் ரத்தமும் மட்டும் ஒரு நாயகனுக்கு உயிர் கொடுக்காது என்பதற்கு இது போதும்.

வயதான நாயகனை மறுபடி அழைப்பவர்கள் மூன்று கேள்விகளுக்குப் பதில் வைத்திருக்க வேண்டும். இத்தனை வருடம் அவன் உள்ளே என்ன சுமந்தான்? அவன் உடலால் இப்போது எது முடியும், எது முடியாது? அவன் யாருக்காகச் சண்டை போடுகிறான், அவர்களை நாம் மனிதர்களாகப் பார்க்கிறோமா? 2008-இன் ராம்போ முதல் இரண்டுக்கும் நன்றாகவே பதில் சொன்னான், மூன்றாவதுக்குப் பாதி சொன்னான். 2021 பிப்ரவரியில் ராணுவம் மறுபடி ஆட்சியைப் பிடித்த பிறகு கரேன் நிலத்தில் குண்டுவீச்சும் இடப்பெயர்வும் மீண்டும் பெருகின. மீதிப் பாதிப் பதிலைச் சொல்லும் படத்துக்கு இன்னொரு ராம்போ தேவையில்லை; அந்தக் கதையைக் கரேன் மக்களே சொல்ல வேண்டும், நாம் போய்ப் பார்க்க வேண்டும்.