பழைய தமிழ் மென்பொருள்களைப் புதுப்பித்தல்: தளமும் தொகுப்பியும்

முன்னுரை

தமிழ்க் கணிமை வளர்ச்சியில் மலேசியாவுக்குத் தனியிடம் உண்டு. முத்து நெடுமாறன் 1980களில் தொடங்கிய முரசு மென்பொருள் முயற்சியும், 2001ஆம் ஆண்டில் கோலாலம்பூரில் நடைபெற்ற தமிழ் இணைய மாநாடும் இதற்குச் சான்றுகளாகும். அக்காலத்தையொட்டித் தமிழாய்வுக்கும் கற்பித்தலுக்குமாகச் சொல்லடைவு, அகரவரிசைப்படுத்தல், இலக்கணப் பயிற்சி முதலிய சிறு நிரல்கள் பலரால் எழுதப்பட்டன. விண்டோஸ் 3.1 காலத்து 16 பிட்டு நிரல்களை இன்றைய 64 பிட்டு விண்டோஸ் ஏற்பதில்லை. 2019இல் வெளிவந்த மேக் கேட்டலீனா 32 பிட்டு நிரல்களையும் கைவிட்டது. நிரல் இயங்காதபோது, அதனுள் பல்லாண்டுகள் உழைத்துச் சேர்த்த தரவும் பயனற்றுப் போகிறது. இத்தகைய நிரல்களைப் புதுப்பிக்கும்போது தளத்தையும், கம்பைலர் எனப்படும் தொகுப்பியையும் எவ்வாறு தெரிவு செய்வது என்பதை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

தளத் தெரிவு

முதலில் முடிவு செய்யவேண்டியது தளமே. தொகுப்பி அதன்பின் வருவது. பெட்டாலிங் ஜெயாவிலோ கிள்ளானிலோ உள்ள ஒரு தமிழ்ப்பள்ளியின் ஆசிரியர் எக்கணினியில் அந்நிரலைப் பயன்படுத்துவார் என்பதே தொடக்க வினாவாகும். எல்லாப் பழைய தளங்களிலும் இயங்கவேண்டும் என்னும் விருப்பம் நல்லதாயினும் விலை மிக்கது. சான்றாக, விசுவல் ஸ்டுடியோ 2019இன் புதிய கருவித்தொகுதி விண்டோஸ் எக்ஸ்பிக்குரிய நிரலை உருவாக்காது. அதற்கு 2017ஆம் ஆண்டுப் பதிப்பின் தனிக் கருவித்தொகுதியே வேண்டும். 2014இல் ஆதரவு முடிவுற்ற ஒரு தளத்திற்காக நிரல் முழுவதையும் பழைய தொகுப்பியோடு பிணைப்பது அறிவுடைமையாகாது. விண்டோஸ் 10க்கான பொது ஆதரவும் 2025 அக்டோபரில் முடிவுற்றதை இங்கு நினைவிற்கொள்ள வேண்டும்.

குறியேற்றச் சிக்கல்

பிறமொழி மென்பொருள்களைவிடத் தமிழ் மென்பொருள்களில் சிக்கல் கூடுதலாவதற்குக் குறியேற்றமே காரணம். ‘தொகை’ என்பது இலக்கணப்படி ஈரெழுத்துச் சொல். பழைய திஸ்கி குறியேற்றம் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் கொம்பு, த, கால், ஐகாரக் குறி, க என ஐந்து பைட்டுகளாக அதனைச் சேமிக்கும். ஒருங்குறி ஒலிவரிசையைப் பின்பற்றி நான்கு குறியீடுகளாகக் கொள்ளும். அவையே யுடிஎஃப்-8 வடிவில் பன்னிரண்டு பைட்டுகளாகும். ஆதலின், கொம்பை இடம் மாற்றி அகரவரிசைப்படுத்தும் பழைய நிரற்பகுதி, ஒருங்குறித் தரவைச் சீர்செய்வதற்கு மாறாகச் சிதைத்துவிடும். புதிய தொகுப்பி இதனைப் பிழையாகச் சுட்டாது. நிரலும் தடையின்றி இயங்கும். விடை மட்டும் தவறாகும்.

தொகுப்பித் தெரிவு

தொகுப்பிகளுக்கிடையிலான வேறுபாடும் கருதத்தக்கது. திஸ்கியில் ‘அ’ என்பதன் எண் 171. சி மொழியில் ஒரு பைட்டு எழுத்தை எதிர்ம எண்ணாகவும் கொள்ளலாமா என்பது தொகுப்பியையும் செயலியையும் பொறுத்தது. இன்டெல் வகைக் கணினிகளில் 171 என்பது −85 ஆகிவிடும். ஆர்ம் செயலியில் இயங்கும் லினக்ஸில் 171ஆகவே நிற்கும். ஒரே மூலநிரல் இரு கணினிகளில் இரு விடை தருவதற்கு இதுவே காரணம். இதனைக் கட்டுப்படுத்தும் விருப்பத்தேர்வு ஜிசிசி, கிளாங், மைக்ரோசாஃப்ட் தொகுப்பிகள் மூன்றிலும் உண்டு.

1998இல் வெளிவந்த விசுவல் பேசிக் 6இன் இயல்பான படிவக் கட்டுப்பாடுகள் ஒருங்குறித் தமிழைக் காட்டமாட்டா. அதன் உருவாக்கச் சூழலுக்கான ஆதரவும் 2008இல் நின்றது. ஆகவே அந்நிரல்களைப் பெரும்பாலும் புதிதாக எழுதவே நேரும். டெல்பி நிரல்களின் நிலை வேறு. டெல்பி 2009 முதல் சர வகை ஒருங்குறிக்கு மாறியதால், ஓர் எழுத்து ஒரு பைட்டு என்னும் எண்ணத்தில் எழுதிய பகுதிகளை மட்டும் திருத்தினால் போதும். கட்டணமின்றிக் கிடைக்கும் ஃபிரீ பாஸ்கலும் லாசரசும் விண்டோஸ், லினக்ஸ், மேக் ஆகிய மூன்றிலும் இயங்குவதால் பல்கலைக்கழகத் துறைகளுக்கு ஏற்றவை.

செயல்முறை

பழைய நிரலை முதலில் மெய்நிகர் கணினியிலோ டாஸ்பாக்ஸிலோ இயக்கி, தெரிந்த பாடங்களுக்கு அது தரும் விடைகளைச் சேமித்தல் வேண்டும். அடுத்துத் தரவை ஒருங்குறிக்கு மாற்ற வேண்டும். மூலநிரலில் கைவைப்பது மூன்றாவது படியே. புதிய நிரல் தரும் விடைகளைச் சேமித்த விடைகளோடு ஒப்பிட்ட பின்னரே பழையதைக் கைவிடலாம்.

முடிவுரை

தொகுப்பித் தெரிவு பொறியாளர்க்கு மட்டும் உரியதன்று. ‘தொகை’ ஈரெழுத்து என அறிந்த தமிழாசிரியரே விடையின் தவற்றைக் காண வல்லவர். சோதனைப் பாடங்களைத் தொகுத்துத் தரும் பொறுப்பைத் தமிழ்த்துறையினர் ஏற்றால், எஞ்சியுள்ள பழைய நிரல்களையும் அவற்றுள் அடங்கிய உழைப்பையும் காக்க இயலும்.