இரண்டு காதுக்கும் ஒரே மொழிதான் தெரியும்

செவியியல் படிக்கிறேன் என்றால் உறவினர்கள் அடுத்துக் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "காது மெஷின் விக்கிற வேலையா?" அதுவும் உண்டு. ஆனால் இந்த இரண்டாம் ஆண்டில் என் நேரத்தை விழுங்குவது நோயாளிப் பதிவுகள். வாரம் ஒன்று கையில் தருவார்கள். பெயரோ அடையாள அட்டை எண்ணோ இருக்காது. வயது, தொழில், அவர் சொன்ன குறை, சோதனை முடிவுகள் மட்டும் இருக்கும். இவருக்கு என்ன, ஏன், அடுத்து யாரிடம் அனுப்ப வேண்டும் என்று நாங்கள் வாதாட வேண்டும். நோயை உறுதிசெய்து மருந்தோ அறுவை சிகிச்சையோ கொடுப்பது காது, மூக்கு, தொண்டை மருத்துவர். கோளாறு செவிப்பாதையின் எந்த இடத்தில் என்று கண்டறிந்து, தாமதமின்றி அவரிடம் அனுப்புவது எங்கள் பங்கு.

முதலில் கற்பது ஆடியோகிராம். 250 ஹெர்ட்ஸ் தொடங்கி 8,000 ஹெர்ட்ஸ் வரை, ஒவ்வொரு சுருதியிலும் ஒருவருக்குக் கேட்கும் மிகச் சன்னமான ஒலியைக் குறிக்கும் வரைபடம். வலது காதுக்குச் சிவப்பு வட்டம், இடது காதுக்கு நீலப் பெருக்கல் குறி. கோடு கீழே இறங்க இறங்கக் கேட்கும் திறன் குறைவு என்று பொருள். ஹெட்ஃபோன் வழியாக ஒருமுறை சோதிப்போம். காதுக்குப் பின்னாலுள்ள எலும்பில் சிறிய அதிர்வுக் கருவியை வைத்து மறுமுறை சோதிப்போம். எலும்பு வழியே நன்றாகக் கேட்டு, ஹெட்ஃபோன் வழியே கேட்காவிட்டால் தடை வெளிக்காதிலோ நடுக்காதிலோ இருக்கிறது. இரண்டும் சேர்ந்து இறங்கினால் உட்காதையோ நரம்பையோ பார்க்க வேண்டும்.

சில பதிவுகளில் அந்தக் கோடே பாதிக் கதையைச் சொல்லிவிடும். 4,000 ஹெர்ட்ஸ் அருகே மட்டும் பள்ளம் விழுந்து, 8,000இல் மறுபடி மேலே ஏறினால், "எங்கே வேலை செய்கிறார்?" என்று வகுப்பே கேட்கும். இரைச்சல் தின்ற காது அப்படித்தான் இருக்கும். மலேசியாவில் 2019ஆம் ஆண்டின் விதிமுறைப்படி எட்டு மணி நேர வேலைக்கு இரைச்சல் வரம்பு 85 டெசிபல். (இயர்ஃபோனை முழுச் சத்தத்தில் வைத்துக்கொண்டு எல்ஆர்டியில் வரும் நண்பர்களுக்கு அந்த விதிமுறை பொருந்தாது என்பது வேறு கதை.)

ஆனால் எல்லாப் பதிவும் அப்படியில்லை. ஒரு வாரம் வந்தவர் 46 வயது லாரி ஓட்டுநர், சீனர். இடது காது மூன்று மாதமாக அடைத்தாற்போல் இருக்கிறது. வலியில்லை, சீழில்லை. ஆடியோகிராமில் பெரிதாக ஒன்றுமில்லை. 30 டெசிபல் அளவில் இலேசான குறைவு. செவிப்பறையின் அசைவைப் பதிவுசெய்யும் டிம்பனோகிராம் இடது பக்கம் தட்டையாக இருந்தது. செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோத்திருக்கிறது என்பதை வகுப்பு ஐந்து நிமிடத்தில் சொல்லிவிட்டது. சளி பிடித்த பிள்ளைகளுக்கு இது சாதாரணமாக வருவதுதான்.

விரிவுரையாளர் தலையசைத்துவிட்டு வெள்ளைப் பலகையில் மூன்று சொற்களை எழுதினார்: பெரியவர். ஒரே பக்கம். மூன்று மாதம்.

நடுக்காதுக்குக் காற்று கொண்டுசெல்லும் யூஸ்டேசியன் குழாய், மூக்கின் பின்புறம் தொண்டையோடு சேரும் இடத்தில் திறக்கிறது. சளி என்றால் பெரும்பாலும் சில வாரங்களில் சரியாகிவிடும். ஒரு பக்கக் குழாய் மட்டும் மாதக்கணக்கில் அடைபட்டிருந்தால், அதன் வாயருகே ஏதாவது வளர்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். அந்த இடத்தில் வரும் புற்றுநோய் தென்சீன வம்சாவளியினரிடமும் சரவாக்கின் பிடாயூ மக்களிடமும் உலகின் மற்ற பகுதிகளைவிட அதிகம். பதிவின் இரண்டாம் பக்கத்தில், 'மற்றவை' என்ற தலைப்பின்கீழ் ஒரு வரி இருந்தது: காலையில் காறித் துப்பும்போது சில நாள் இரத்தக் கோடு தெரிகிறது. அதைக் கேட்டு எழுதியவர் யாரோ, என் மனத்தில் அவருக்குத் தனி மரியாதை உண்டு. தொடக்க நிலையில் கண்டால் கதிரியக்கச் சிகிச்சைக்கு நன்றாகக் கட்டுப்படும் நோய் இது. கழுத்தில் கட்டி தெரியும்வரை விட்டுவிட்டால் நிலைமை வேறு.

சரியான கேள்வியைக் கேட்டால் மட்டும் போதாது. அது நோயாளியின் மொழியில் போய்ச் சேர வேண்டும். உட்காதில்தான் உடலின் சமநிலை உறுப்பும் இருக்கிறது. ஆகவே தலைச்சுற்றலைப் பற்றி எப்போதும் கேட்போம். மலாயில் 'பெனிங்' என்றால் தலைவலியாகவும் இருக்கலாம், தலைச்சுற்றலாகவும் இருக்கலாம். நம்மவர்கள் 'மயக்கமா வருது' என்பார்கள். கண் இருட்டுகிறதா, அல்லது அறையே சுழல்கிறதா? அறை சுழன்றால் உட்காதைச் சந்தேகிப்போம். ஒரே சொல்லுக்குள் இரண்டு வெவ்வேறு வழிகள்.

இதைவிட நுணுக்கமானது பேச்சுச் சோதனை. பதிவுசெய்த சொற்களை ஒவ்வொரு காதிலும் ஒலிக்கவிட்டு, நோயாளி எத்தனையைச் சரியாகத் திருப்பிச் சொல்கிறார் என்று பார்ப்போம். ஒலி கேட்கும் அளவுக்குச் சொல் புரியவில்லை என்றால் நரம்பில் கோளாறு இருக்கலாம். எங்கள் வகுப்பில் பழகியவை மலாய், ஆங்கிலப் பட்டியல்கள். தமிழ் மட்டுமே பேசி வளர்ந்த ஒருவருக்கு மலாய்ப் பட்டியலைப் போட்டால் மதிப்பெண் இறங்கத்தான் செய்யும். சரி, நானே தமிழில் பத்துச் சொல் வாசிக்கலாமே என்று தோன்றும். கூடாது. என் குரல் சொல்லுக்குச் சொல் ஏறி இறங்கும்; ஒரு சொல் எளிது, இன்னொன்று கடினம் என்றாகிவிடும். எண்ணாக எழுதினாலும் அந்த எண்ணை நம்ப முடியாது.

அந்தச் சமயத்தில்தான் 66 வயதுப் பாட்டியின் பதிவு வந்தது. தோட்டத்தில் பால்மரம் சீவியவர். வலது காது 30 டெசிபல், இடது 35. கிட்டத்தட்ட ஒன்றே. பேச்சுச் சோதனையில் வலது 80 விழுக்காடு, இடது 40. ஓரத்தில் யாரோ குறிப்பு எழுதியிருந்தார்கள்: 'மலாய் சரளமில்லை'.

குறிப்பு பொய்யில்லை. வகுப்பில் பலருக்கு அதுவே போதுமானதாகவும் பட்டது. எனக்கு மட்டும் அது உறுத்தியது, என் ஆயாவின் மலாயும் அந்த அளவுதான் என்பதால் இருக்கலாம். மொழி தெரியாதது காரணம் என்றால் இரண்டு காதிலும் மதிப்பெண் விழ வேண்டும். இரண்டு காதுக்கும் ஒரே மொழிதான் தெரியும். வலது காது 80 வாங்கிய பிறகு இடது காதின் 40க்கு மலாய்மீது பழிபோட முடியாது. அவர் சொன்ன குறைகளைத் திருப்பிப் பார்த்தோம்: ஃபோனை எப்போதும் வலது காதில்தான் வைக்கிறார், இடது காதில் வண்டு குடைவதுபோல் சத்தம். சமநிலை நரம்பில் மெதுவாக வளரும் ஒரு கட்டி, பக்கத்தில் ஓடும் கேட்கும் நரம்பை அழுத்தினால் இப்படித்தான் தொடங்கும். புற்றுநோயில்லை, ஆனாலும் எம்ஆர்ஐ எடுத்துப் பார்க்காமல் விடக்கூடாது. அந்த ஓரக்குறிப்போடு கோப்பை மூடியிருந்தால், மொழி தெரியாத பாட்டி என்ற பெயரோடு அவர் வீட்டுக்குப் போயிருப்பார்.

படிவம் ஆறிலும் மெட்ரிகுலேஷனிலும் இருப்பவர்கள் கேட்கிறார்கள், அதனால் சொல்கிறேன்: யுகேஎம், யுஐஏ, யுஎஸ்எம் ஆகிய அரசாங்கப் பல்கலைக்கழகங்களில் இந்தப் பட்டப்படிப்பு உண்டு; நான்கு ஆண்டுகள். அறிவியல் பாடங்கள் வேண்டும். தமிழ் பேசத் தெரிவது சேர்க்கைத் தகுதியில் இல்லை. அது எங்கே பயன்படும் என்பதை மேலே எழுதிவிட்டேன்.

அடுத்த வாரத்துக்கான பதிவு மேசைமேல் கிடக்கிறது. மூன்று வயதுப் பையன். கூப்பிட்டால் சில நாள் திரும்புகிறான், சில நாள் இல்லை. பேச்சு இன்னும் வரவில்லை. பிறந்தபோது செய்த ஓஏஇ சோதனையில் தேறியிருக்கிறான். நத்தை எலும்பு திருப்பி அனுப்பும் மெல்லிய எதிரொலியை அளக்கும் சோதனை அது. அப்படியோர் எதிரொலி உண்டு என்பதை டேவிட் கெம்ப் 1978இல் கண்டுபிடித்தார். ஆனால் அந்த எதிரொலி நத்தை எலும்போடு நின்றுவிடுகிறது. அங்கிருந்து மூளைக்குப் போகும் நரம்பு ஒழுங்காகத் தகவல் சொல்கிறதா என்பது அதில் தெரியாது. அதற்கு வேறு சோதனை வேண்டும். அந்தத் தாள் பதிவில் இல்லை. இருப்பது அம்மா சொன்ன ஒரு வரிதான்: பிறந்த முதல் வாரம் கடுமையான மஞ்சள் காமாலை, இரத்தம் மாற்றினார்கள்.