இரு நடிகர், ஒரு வாளித் தண்ணீர்: ‘தீவு’ நாடகத்தை வகுப்பறையில் அளிக்கை செய்தல்

நாடகம் என்றதும் நம் மனக்கண்ணில் தோன்றுவது பெரிய மண்டபமும் வண்ணத் திரையும் பதினைந்து இருபது பாத்திரங்களும்தான். தமிழ்மொழித் தினப் போட்டிகளில் நாம் பார்த்து வளர்ந்தவை பெரும்பாலும் அத்தகையவையே. ஆனால் உலக அரங்கில் வேறொரு வகையும் உண்டு. மேடையில் இரண்டு பேர் மட்டுமே இருப்பார்கள். அரசன் வரமாட்டான், தூதுவன் வரமாட்டான், பாட்டும் கூத்தும் இடையில் வந்து காப்பாற்றாது. அந்த இருவருக்கிடையே நடப்பதுதான் முழு நாடகமும்.

உயர்தர வகுப்பில் நாடகமும் அரங்கியலும் பாடம் பயிலும் நாங்கள், இவ்வகையில் புகழ்பெற்ற ‘தீவு’ என்ற தென்னாபிரிக்க நாடகத்தின் சில காட்சிகளை எங்கள் வகுப்பறையிலேயே அளிக்கை செய்தோம். நட்பு, காயம், அது ஆறுதல் ஆகியவற்றைப் பேசும் ஒரு நாடகத்தை எப்படி மேடைக்குக் கொண்டுவருவது என்பதை அந்த அனுபவத்தின் துணையோடு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நாடகம் பிறந்த கதை

‘தீவு’ தனியொருவர் எழுதிய நாடகமல்ல. அதோல் ஃபியூகார்ட் என்ற வெள்ளையின நாடகாசிரியரும், ஜோன் கனி, வின்ஸ்டன் நட்ஷோனா என்ற இரு கறுப்பின நடிகர்களும் சேர்ந்து ஒத்திகையிலேயே உருவாக்கியது. 1973 ஜூலை 2ஆம் திகதி கேப் டவுன் நகரின் ‘ஸ்பேஸ்’ அரங்கில் முதன்முதலில் அளிக்கை செய்யப்பட்டது. அது நிறவெறி ஆட்சிக் காலம். சிறைகளின் நிலைமையை வெளியிடுவதற்குக் கடும் சட்டத்தடை இருந்தது. ஆகவே முதலில் எழுத்துரு எதுவும் எழுதிவைக்கப்படவில்லை. தீவின் பெயரும் தலைப்பில் இடம்பெறவில்லை. ‘ஹொடோஷேயின் வேலைக் குழு’ என்ற பொருள்தரும் தலைப்பிலேயே நாடகம் மேடையேறியது. ஹொடோஷே என்பது நாடகத்தில் நாம் ஒருபோதும் காணாத கொடிய சிறைக்காவலனின் பட்டப்பெயர். பின்னர் லண்டனுக்கும் நியூயோர்க்குக்கும் சென்ற இந்நாடகத்துக்காகவும் இதன் துணை நாடகத்துக்காகவும் 1975இல் இரு நடிகர்களும் டோனி விருதைப் பகிர்ந்துகொண்டார்கள். 2019இல் வெளிவந்த ‘லயன் கிங்’ படத்தில் ரஃபிக்கி என்ற முதிய குரங்குக்குக் குரல் கொடுத்தவர் இதே ஜோன் கனிதான்.

தலைப்பிலுள்ள தீவு, கேப் டவுன் கரையோரத்திலுள்ள ரொபன் தீவு. ஒல்லாந்தர் காலத்தில் கிழக்கிந்தியத் தீவுகளிலிருந்து நாடுகடத்தப்பட்ட முஸ்லிம் அறிஞர்கள் அடைக்கப்பட்டதும், நெல்சன் மண்டேலா தம் 27 ஆண்டுச் சிறைவாழ்வில் 18 ஆண்டுகளைக் கழித்ததும் இங்கேதான்.

கதை மிகவும் எளிது. ஜோன், வின்ஸ்டன் என்ற இரு அரசியல் கைதிகள் ஒரே சிறைக்கூடத்தில் வாழ்கிறார்கள். சிறையில் நடக்கவிருக்கும் கலைநிகழ்ச்சிக்காகக் கிரேக்க நாடகமான ‘அன்ரிகனி’யின் ஒரு காட்சியை ஒத்திகை பார்க்கிறார்கள். ஜோன் அரசன் கிரியோன். வின்ஸ்டன் அன்ரிகனி என்ற பெண். பெண் வேடத்தில் வின்ஸ்டனைக் கண்டதும் ஜோன் விழுந்து விழுந்து சிரிக்கிறான். வின்ஸ்டன் மனம் நொந்து, நடிக்கவே மாட்டேன் என்கிறான். அந்த நேரத்தில் ஒரு செய்தி வருகிறது. ஜோனின் தண்டனை குறைக்கப்பட்டுவிட்டது. இன்னும் மூன்றே மாதத்தில் விடுதலை. வின்ஸ்டனுக்கோ ஆயுள் தண்டனை.

அன்ரிகனியின் கதையை நமக்கு அதிகம் விளக்க வேண்டியதில்லை. தன் சகோதரனின் உடலை அடக்கம் செய்யக் கூடாது என்ற அரச கட்டளையை மீறி, அவனுக்கு மண் போட்ட ஒரு சகோதரியின் கதை அது. 2020 ஏப்ரல் முதல் 2021 பெப்ரவரி வரை நம் நாட்டில் கொவிட் தொற்றால் மரணித்தோரின் ஜனாஸாக்களை அடக்கம் செய்ய அனுமதி இருக்கவில்லை. அந்நாட்களில் பன்னிரண்டு வயதுச் சிறுமிகளாக இருந்த நாங்கள், வீட்டில் பெரியவர்கள் தாழ்ந்த குரலில் பேசி அழுததைக் கேட்டிருக்கிறோம். எழுத்துருவை முதன்முறை வாசித்தபோது, இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் முந்திய அந்தக் கிரேக்கப் பெண் எங்களுக்கு அந்நியளாகத் தோன்றவில்லை.

இடமும் பொருட்களும்

இருவர் நாடகத்துக்குப் பெரிய மண்டபம் எதிரி. முகத்தில் ஓடும் சிறு மாற்றம் பின்வரிசைக்குத் தெரியாது. அதைத் தெரியவைக்க நடிகர் குரலை உயர்த்துவார். உயர்ந்த குரலில் இரகசியம் பேச முடியாது. எனவே நாங்கள் வகுப்பறையைத் தேர்ந்தோம். மேசைகளை வெளியே வைத்துவிட்டு, கதிரைகளை மூன்று பக்கமும் ‘ப’ வடிவில் இரண்டு வரிசையாகப் போட்டோம். நடுவில் எட்டடிக்கு எட்டடி அளவில் பாய்களை விரித்தோம். அதுதான் சிறைக்கூடம். முன்வரிசையில் இருந்தவர் காலை நீட்டினால் பாயில் படும்.

மூல நாடகத்தின் காட்சியமைப்பும் இவ்வளவு எளிமையானதே. சற்று உயர்ந்த ஒரு தளம், மடித்துவைத்த போர்வைகள், படுக்கைப் பாய்கள், மூலையில் ஒரு வாளித் தண்ணீர், இரண்டு தகரக் குவளைகள். பொருட்கள் குறைவாக இருப்பதால் ஒவ்வொன்றும் பல வேலை செய்கிறது. ஒரு காட்சியில் ஜோன் வெறுங் குவளையைத் தொலைபேசியாகக் காதில் வைத்து ஊரிலுள்ளவர்களோடு பேசுகிறான். பார்வையோர் முதலில் சிரிக்கிறார்கள். அந்தக் குவளைக்குள்ளிருந்து எவரும் பதில் பேசப் போவதில்லை என்பது உறைக்கும்போது சிரிப்பு தானாக அடங்குகிறது. ஆகவே இத்தகைய நாடகத்தில் ஒரு பொருளை உள்ளே கொண்டுவருமுன் அது எத்தனை தடவை பயன்படும் என்று கேட்க வேண்டும். ஒரே தடவை என்றால் அது வேண்டியதில்லை.

உடலின் வேலை

நாடகம் பேச்சில் தொடங்குவதில்லை. இருவரும் கடற்கரை மணலை வெட்டித் தள்ளுவண்டியில் நிரப்பி, மற்றவன் வெட்டும் இடத்தில் கொண்டுபோய்க் கொட்டுகிறார்கள். இவன் கொட்டியதை அவன் வெட்ட வேண்டும், அவன் கொட்டியதை இவன். வேலை முடியவே முடியாது. கைதிகளை ஒருவர்மீது ஒருவர் வெறுப்புக் கொள்ளவைக்கும் தண்டனை அது. மண்வெட்டியும் வண்டியும் மணலும் இல்லாமல், பல நிமிடங்கள் நீளும் ஊமமாக இது நடிக்கப்படுகிறது.

நாங்கள் இதை முதலில் வெறுங்கையால் பழகினோம். பார்த்தவர்களுக்கு நாங்கள் வீடு கூட்டுவது போலிருந்ததாம். பிறகு எங்கள் ஆசிரியை விளையாட்டு மைதான ஓரத்தில் உண்மையான மண்வெட்டியையும் வாளியையும் தந்து அரைமணி நேரம் மணல் அள்ளவைத்தார். மண்வெட்டி இறங்கும்போது முழங்கால் மடிவதையும், நிறைந்த வாளியைத் தூக்கும்போது எதிர்ப்பக்கத் தோள் உயர்வதையும் அப்போதுதான் கவனித்தோம். அடுத்த நாள் பொருட்களை அகற்றிவிட்டு அந்தப் பாரத்தை மட்டும் உடலில் வைத்துக்கொண்டோம். ஊமம் பழகுவோருக்கு நான் சொல்லக்கூடிய மிகப் பயனுள்ள குறிப்பு இதுவே.

இன்னொரு சிக்கல் எங்களுக்கே உரியது. மூல நாடகத்தில் ஓர் ஆண் பெண் வேடம் பூணுவதால் சிரிப்பு எழுகிறது. பெண்கள் கல்லூரியில் ஒரு பெண், ஆணாக நடித்து, அந்த ஆண் பெண்ணாக வேடமிடும்போது எவரும் ஏன் சிரிக்க வேண்டும்? அந்தக் காட்சி வருமுன்பே பார்வையோர் எங்களை இரு கைதிகளாக ஏற்றுக்கொண்டிருந்தால் மட்டுமே அது நகைப்பாகும். எனவே ஒட்டுமீசை முதலிய ஒப்பனைகளைத் தவிர்த்தோம். பாடசாலைச் சீருடைமேல் காக்கி நிறச் சட்டையும், தலையில் வழமையான பர்தாவை இறுக்கிக் கட்டியதும் போதுமாக இருந்தது. களைத்த நடையும் அமரும் விதமும் மீதியைச் செய்தன. தும்புத்தடியிலிருந்து கழற்றிய தும்பைக் கூந்தலாக்கி வின்ஸ்டன் அணிந்து வந்தபோது வகுப்பறை வெடித்துச் சிரித்தது.

இரண்டு தமிழ்

நாங்கள் ஆங்கில எழுத்துருவை வாசித்து நாங்களே தமிழாக்கிக்கொண்டோம். அதில் எழுந்த முதல் கேள்வி எந்தத் தமிழ் என்பது. சிறைக்கூடத்தில் நண்பர்கள் பேசுவதைப் பேச்சுத்தமிழிலும், கிரியோன், அன்ரிகனி வசனங்களைச் செந்தமிழிலும் அமைத்தோம். அதனால் நாடகத்துக்குள் நாடகம் எங்கே தொடங்குகிறது என்பதைத் திரை போட்டுக் காட்ட வேண்டிய தேவை இருக்கவில்லை. பேச்சு மாறியதும் பார்வையோர் தாமாகவே நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

காயத்தை நடிப்பது

இருவர் நாடகத்தில் பேசுபவரைவிடக் கேட்பவரே முக்கியம். விடுதலைச் செய்திக்குப் பின்வரும் இரவுக் காட்சியில், ஜோன் வீடு போய்ச் சேரும் நாளை வின்ஸ்டன் விபரமாக வர்ணிக்கிறான். யார் யார் வந்து வரவேற்பார்கள், என்னவெல்லாம் நடக்கும் என்று அடுக்குகிறான். முதலில் அது வாழ்த்துப் போலிருக்கும். போகப் போகச் சித்திரவதையாகிறது. நிறுத்தும்படி ஜோன் கெஞ்சுகிறான். உன் விடுதலையை நான் வெறுக்கிறேன் என்பதை வின்ஸ்டன் இறுதியில் வாய்விட்டே சொல்லிவிடுகிறான். அதை உரத்துக் கத்தினால் காட்சி கெட்டுவிடும். வாழ்த்துகிற குரலிலேயே தொடங்கி, அது எந்தச் சொல்லில் கசக்கிறது என்பதைக் கண்டுபிடிப்பதே நடிகரின் வேலை. ஜோனாக நடிப்பவர் அசையாமல் கேட்க வேண்டும். பார்வையோர் வின்ஸ்டனின் சொல்லை ஜோனின் முகத்திலேயே வாசிக்கிறார்கள்.

இங்கே எங்கள் சொந்தக் கதையொன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஜோன் நான்; வின்ஸ்டன் என் தோழி. அவள் தூரத்து ஊரிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படிப்பவள். தும்புக் கூந்தலோடு அவள் வந்த முதல் ஒத்திகையில் நான் எழுத்துருப்படி சிரித்தேன். அவள் கூந்தலைக் கழற்றி வைத்துவிட்டு வெளியே போய்விட்டாள். மூன்று நாள் ஒத்திகைக்கு வரவில்லை. பன்னிரண்டாம் தரத்தின் தொடக்கத்தில் அவளுடைய ஊர்ப்பேச்சை நான் வகுப்பில் அப்படியே பேசிக்காட்டி எல்லோரையும் சிரிக்கவைத்திருந்தேன். எனக்கு அது மறந்தே போயிருந்தது. அவளுக்கு மறக்கவில்லை. அன்று ஒத்திகையில் அவள் கேட்டது ஜோனின் சிரிப்பையல்ல. என்னுடைய பழைய சிரிப்பை.

நான் மன்னிப்புக் கேட்டேன். “சரி” என்றாள். ஆனால் அந்தச் ‘சரி’யில் எதுவும் சரியாகவில்லை என்பது இருவருக்கும் தெரியும். எங்கள் ஆசிரியை எதுவும் கேட்காமல் பாத்திரங்களை மாற்றி ஒருநாள் ஒத்திகை பார்க்கச் சொன்னார். நான் தும்பைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தேன். அவள் சிரித்தாள். நடிப்புத்தான் என்று தெரிந்தும் என் காது சூடாகியது. மனம் நோகும் காட்சிகளை ஒத்திகை பார்ப்போர் ஒருமுறையாவது இடம் மாறிப் பார்க்க வேண்டும் என்பதை அன்று கற்றுக்கொண்டேன். ஒத்திகை முடிந்ததும் இருவரும் சொந்தப் பெயர் சொல்லி ஸலாம் கூறிப் பிரிவதையும் அன்றிலிருந்து வழக்கமாக்கிக்கொண்டோம். பாத்திரத்தின் கோபம் வீடுவரை வரக் கூடாது.

ஆறுதல் எப்படி வருகிறது?

‘தீவு’ நாடகத்தில் எவரும் எவரிடமும் நீளமாக மன்னிப்புக் கேட்பதில்லை. வின்ஸ்டனின் ஆயுள் தண்டனையும் குறையவில்லை. தான் மறுத்த அதே கூந்தலை அவன் இறுதிக் காட்சியில் அணிந்து வந்து நிற்பதுதான் இருவருக்கும் இடையிலான சமாதானம். அவன் அன்ரிகனியாகக் கிரியோனின் முன் நின்று பேசுகிறான். பிறகு கூந்தலைக் கழற்றி எறிந்து வின்ஸ்டனாகவே பேசி முடிக்கிறான். அடுத்த கணம் இருவரும் விலங்கிடப்பட்டுப் பழையபடி ஓடுகிறார்கள். நாடகம் தொடங்கிய இடத்திலேயே முடிகிறது. ஆனால் அவர்கள் ஒருவரையொருவர் வெறுக்கவில்லை. மணல் வேலையின் நோக்கம் தோற்றுவிட்டது.

கூந்தலைக் கழற்றியபின் வரும் அந்த இறுதிப் பேச்சு எந்தத் தமிழில் இருக்க வேண்டும் என்பதை என் தோழியே முடிவு செய்தாள். செந்தமிழில் பேசிக்கொண்டு வந்தவள், தும்பை எறிந்ததும் தன் ஊர்ப்பேச்சில் பேசினாள். மூன்றடி தூரத்தில் நின்று நான் கேட்டுக்கொண்டிருந்தேன். வகுப்பறையில் எவரும் சிரிக்கவில்லை. முன்வரிசையில் இருந்த ஒருத்தி பர்தா நுனியால் கண்ணைத் துடைத்தாள்.

இளைய வகுப்புச் சகோதரிகளே, பெரிய மேடையும் ஒலிவாங்கியும் கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டாம். ஓர் அறை, இரண்டு போர்வை, ஒரு வாளித் தண்ணீர், உங்களைப் பொறுத்துக்கொள்ளும் ஒரு தோழி இருந்தால் போதும். ஒத்திகையைத் தொடங்குமுன் அவளிடம் ஒன்றை மட்டும் கேளுங்கள்: நான் உன்னை எப்போதாவது நோகவைத்திருக்கிறேனா என்று. நான் கேட்காமல் தொடங்கினேன். அதனால் மூன்று நாள் ஒத்திகை வீணானது.