வயிற்றுவலி என்றுதான் நினைத்தோம்: பிள்ளைகளைப் பாசறைக்கு அழைத்துச் செல்லுமுன்

தவணை விடுமுறை நெருங்கினால் பாடசாலைச் சாரணர் குழுக்களிலும் அஹதிய்யாக்களிலும் பள்ளிவாசல் இளைஞர் அணிகளிலும் ஒரே பேச்சுத்தான்: இம்முறை பாசறை எங்கே? நக்கிள்ஸா, பெலிஹுல் ஓயாவா, கல்பிட்டியா, அறுகம்குடாவா? பேருந்து பேசப்படும், சமையல்காரர் ஏற்பாடாவார், டீ-சேர்ட் அச்சாகும். இந்தப் பட்டியலில் எப்போதும் கடைசியாக வருவது முதலுதவிப் பெட்டி. பல வேளைகளில் அதுவும் ஒரு பரசிட்டமோல் அட்டையும் கொஞ்சம் பஞ்சுமாகத்தான் இருக்கும்.

பாசறை வேண்டாம் என்று சொல்ல நான் எழுதவில்லை. வகுப்பறையில் ஒரு வருடத்தில் கற்காததை ஒரு பிள்ளை இரண்டு இரவுகளில் கற்றுக்கொள்வதை நான் கண்டிருக்கிறேன். ஆனால் ஓர் இரவை என்னால் மறக்க முடியவில்லை. அதைச் சொன்னால் வேறொரு ஆசிரியர் விழிப்பாக இருப்பார் என்பதால் எழுதுகிறேன்.

சில வருடங்களுக்கு முன் தரம் 10 மாணவர்களுடன் பொலன்னறுவைப் பக்கம் ஒரு குளத்தோரம் பாசறை போட்டோம். பிள்ளைகள் பழைய கொட்டகையொன்றில் தரையில் பாய் விரித்துப் படுத்தார்கள். இரவு இரண்டரை மணியளவில் ஒரு மாணவன் என்னை எழுப்பினான். "சேர், வயிறு வலிக்குது." இரவுச் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தேன். கொத்தமல்லி அவித்துக் கொடுத்துப் படுக்கச் சொன்னேன். கொஞ்ச நேரத்தில் வாந்தி எடுத்தான். "வந்தது நல்லதுதான், இனிச் சரியாகிவிடும்" என்றேன். சுபஹுக்கு எழுப்பியபோது அவனால் கண்ணைத் திறக்க முடியவில்லை. தூக்கக் கலக்கம் என்று நினைத்துச் சற்றுக் கடிந்தும் கொண்டோம். "எல்லாம் ரெண்டு ரெண்டாத் தெரியுது சேர்" என்று குழறினான்.

எங்கள் வான் சாரதி அந்தப் பக்கத்து வயல்காரர். பிள்ளையின் முகத்தில் டோர்ச் அடித்துப் பார்த்தவர், "சேர், இது சாப்பாட்டு வேலை இல்ல, எண்ணெய் விரியன். ஏத்துங்க வான்ல" என்றார். தேடிப் பார்த்தபோது காதுக்குக் கீழே ஊசி குத்தியது போல் இரண்டு புள்ளிகள். வீக்கம் இல்லை, இரத்தம் இல்லை, அவனுக்கு வலி தெரிந்திருக்கவும் இல்லை. வைத்தியசாலையை அடையும்போது அவன் மூச்சு மேலோட்டமாகிவிட்டது. நான்கு நாட்கள் இயந்திரம்தான் அவனுக்காகச் சுவாசித்தது. அல்ஹம்துலில்லாஹ், இன்று சுகமாக இருக்கிறான்.

ஆனால் அன்று ஓடி வந்த அவனுடைய உம்மா என்னிடம் கேட்டது ஒரு கேள்விதான். "ராவே ஒன்னும் செல்லல்லியா சேர்?" சொன்னான். விளங்கிக்கொள்ளாதவன் நான்.

அறியாமல் சொல்லும் ஆலோசனை

அபூதாவூதில் ஜாபிர் (ரழி) அவர்கள் அறிவிக்கும் ஒரு சம்பவம் பலருக்கும் தெரிந்திருக்கும். பிரயாணம் ஒன்றில் ஒருவரின் தலையில் கல் பட்டுக் காயம் ஏற்பட்டது. பிறகு அவருக்குக் குளிப்புக் கடமையானது. தயம்மும் செய்யச் சலுகை உண்டா என்று தோழர்களைக் கேட்டார். தண்ணீர் இருக்கும்போது சலுகை இல்லை என்றார்கள். அவர் குளித்தார், இறந்துபோனார். செய்தி அறிந்த நபி (ஸல்) அவர்கள் அந்தத் தோழர்களைக் கடுமையாகக் கண்டித்தார்கள். தெரியாவிட்டால் கேட்டிருக்க வேண்டும், அறியாமைக்கு மருந்து கேட்பதுதான் என்பதே அந்தக் கண்டிப்பின் கருத்து.

இதை நாம் தயம்மும் பாடத்தில் சொல்லிவிட்டுக் கடந்து விடுகிறோம். ஆனால் இது பிரயாணத்தில் காயம்பட்ட ஒருவரின் கதையும்தான். அங்கே யாருக்கும் கெட்ட எண்ணம் இருக்கவில்லை. தெரியாமல், உறுதியாகச் சொன்ன ஓர் ஆலோசனைதான் உயிரை வாங்கியது. கொத்தமல்லி கொடுத்துப் படுக்கச் சொன்ன நானும் அதையேதான் செய்தேன். பாசறையில் காயத்தைவிடப் பெரிய ஆபத்து, நல்ல எண்ணத்தோடு செய்யப்படும் பிழையான உதவி. ஆகவே எதைச் செய்ய வேண்டும் என்பதோடு எதைச் செய்யக்கூடாது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

பாம்புக்கடி

சிங்களத்தில் தெல் கரவலா எனப்படும் எண்ணெய் விரியன் பெரும்பாலும் உலர்வலயத்தில், இரவில், தரையில் உறங்குபவர்களைக் கடிக்கிறது. கடி வலிப்பதில்லை. வயிற்றுவலி, வாந்தி, இமை தொங்குதல், இரட்டையாகத் தெரிதல், பேச்சுக் குழறல், பிறகு மூச்சுத் திணறல் என்று விஷம் ஏறும். தரையில் படுத்த ஒருவர் நள்ளிரவில் காரணமில்லாமல் வயிறு வலிக்கிறது என்றால் பாம்புக்கடியைச் சந்தேகியுங்கள். புள்ளி தெரியவில்லை என்பதற்காகக் காத்திருக்க வேண்டாம்.

கண்ணாடி விரியன் கடித்தால் வலியும் வீக்கமும் இருக்கும், இரத்தம் உறையாது போகலாம், சிறுநீரகமும் பாதிக்கப்படலாம். குணகட்டுவா என்று சொல்லப்படும் சிறிய விரியனை நாம் சாதாரணமாக எண்ணுகிறோம். அதன் விஷத்துக்கு நம் வைத்தியசாலைகளில் உள்ள, இந்தியாவிலிருந்து வரும் விஷமுறிவு மருந்து வேலை செய்யாது. அதற்கும் வைத்தியசாலைக் கண்காணிப்புத் தேவை.

எந்தப் பாம்பானாலும் முதலுதவி ஒன்றுதான். பிள்ளையை நடக்க விடாதீர்கள். மோதிரம், கைக்கடிகாரம், இறுக்கமான உடைகளைக் கழற்றுங்கள். கடிபட்ட கையையோ காலையோ ஒரு மட்டையோடு சேர்த்து, இறுக்காமல் கட்டி அசையாமல் வையுங்கள். நேரத்தைக் குறித்துக்கொண்டு வாகனத்தில் ஏற்றுங்கள். வாந்தியோ மயக்கமோ இருந்தால் பக்கவாட்டில் சரித்துப் படுக்க வையுங்கள். வழியில் மூச்சு நின்றால் வாயோடு வாய் வைத்து ஊதுங்கள். விரியன் விஷம் தசைகளைத்தான் முடக்குகிறது. வைத்தியசாலை வரை யாராவது மூச்சுக் கொடுத்தால் பிள்ளை பிழைக்க வழியுண்டு.

கயிற்றால் இறுக்கிக் கட்டுவது, பிளேடால் கீறுவது, வாயால் உறிஞ்சுவது, கல் வைப்பது, பாம்பைப் பிடிக்கப் போவது எல்லாம் வேண்டாம். ஓதிப் பார்ப்பதை நான் மறுக்கவில்லை. வாகனம் ஓடிக்கொண்டிருக்கும்போது ஓதுங்கள்.

தண்ணீர், நெருப்பு, குளவி

பாசறையில் என்னை அதிகம் பயமுறுத்துவது தண்ணீர். அமைதியாகத் தெரியும் ஆற்றிலும் குளத்திலும் சுழியும் சேறும் உண்டு. மலையில் பெய்யும் மழை கீழே நாம் அறியாமலே வெள்ளமாக வந்து சேரும். ஒரு பிள்ளை மூழ்கினால் நீச்சல் தெரியாத நண்பன் குதிக்கிறான், ஒரு மையித்து இரண்டாகிறது. குதிக்காதீர்கள். கயிறு, நீண்ட கம்பு, மூடிய வெறும் பிளாஸ்ரிக் கேன் எதையாவது எறியுங்கள். எடுத்த பிள்ளைக்கு மூச்சில்லை என்றால் தலைகீழாகத் தூக்குவதும் வயிற்றை அமுக்குவதும் நேரத்தை வீணாக்கும். முதலில் ஐந்து முறை ஊதுங்கள். பிறகு நெஞ்சின் நடுவில் 30 அழுத்தம், 2 ஊதல் என்று உதவி வரும்வரை தொடருங்கள். பெரிய பிள்ளைக்கு 5 முதல் 6 சென்ரிமீற்றர் ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 வேகம். இது வாசித்து வருவதல்ல. பொம்மையில் கையால் பழகினால்தான் வரும்.

சுடுநீரோ கஞ்சியோ பட்டால் 20 நிமிடங்கள் ஓடும் குளிர்ந்த தண்ணீரில் பிடியுங்கள். ஐஸ் வேண்டாம். பற்பசை, முட்டை வெள்ளைக்கரு, வெண்ணெய் எதுவும் பூச வேண்டாம். கொப்புளத்தை உடைக்காமல் சுத்தமான துணியால் தளர்வாக மூடுங்கள்.

இரத்தம் ஓடினால் சுத்தமான துணியை வைத்துப் பத்து நிமிடம் விடாமல் அழுத்துங்கள். நின்றதா என்று இடையிடையே தூக்கிப் பார்ப்பதுதான் நம் வழமையான பிழை. துணி நனைந்தால் அதன்மேலேயே இன்னொன்றை வையுங்கள். தலையில் அடிபட்ட பிள்ளை திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தால், வழமைக்கு மாறாகத் தூங்கி வழிந்தால், தாமதியாமல் வைத்தியசாலை.

குளவி கலைந்தால் கையை வீசாமல், முகத்தை மூடிக்கொண்டு ஓட வேண்டும். உதடோ நாக்கோ வீங்கினால், மூச்சு இழுத்தால், உடம்பெங்கும் தடித்தால், அல்லது பல இடங்களில் கொட்டியிருந்தால் அது உயிராபத்து. தைலம் பூசிக் காத்திருக்கக் கூடாது.

ஒரு வார்த்தை கூச்சம் பற்றி. மயங்கியது மாணவி, அருகில் இருப்பது ஆண் ஆசிரியர் மட்டும் என்றால் பலர் தயங்குகிறார்கள். மார்க்கத் தீர்ப்புச் சொல்வது என் வேலையல்ல. ஆனால் நிர்ப்பந்தம் தடையைத் தளர்த்தும் என்ற சட்டவிதியை நம் உலமாக்கள் கற்றுத் தந்திருக்கிறார்கள். அதைப் பாசறைக்குப் போகுமுன் மௌலவியிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள். பிள்ளை மூச்சில்லாமல் கிடக்கும்போது ஃபத்வா தேட முடியாது. பெண் பிள்ளைகள் போகும் பாசறைக்குப் பயிற்சி பெற்ற ஆசிரியைகள் கட்டாயம் போக வேண்டும் என்பதும் இதற்குள்ளேயே இருக்கிறது.

பேருந்து ஏறுமுன் முடிய வேண்டியவை

2016 இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிப் பின்னர் நாடு முழுவதும் விரிந்த 1990 சுவசெரிய அம்பியுலன்ஸ் சேவை இலவசமானது. ஆனால் நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்று சொல்லத் தெரிந்தால்தான் அது வந்து சேரும். "ஆற்றுப் பக்கம்" என்பது முகவரியல்ல. கிராமத்தின் பெயர், கிட்டிய சந்தி, பள்ளிவாசல் அல்லது விகாரை, கிலோமீற்றர் கல் ஆகியவற்றை எழுதி எல்லா ஆசிரியர்களிடமும் கொடுங்கள். கையடக்கத் தொலைபேசிக்கு சிக்னல் எங்கே கிடைக்கிறது என்று முதல் நாளே நடந்து பாருங்கள்.

இரவு முழுவதும் ஒரு வாகனமும் சாரதியும் பாசறையில் இருக்க வேண்டும். பணம் மிச்சம் என்று வானைத் திருப்பி அனுப்புவது நம்மிடம் சாதாரணம். அன்று எங்கள் வான் அங்கே நின்றது திட்டமிட்டு அல்ல, சாரதிக்குக் களைப்பு என்பதால். இன்றும் நினைத்தால் உடல் நடுங்குகிறது.

விஷமுறிவு மருந்தும் அதைக் கொடுக்கும் வசதியும் உள்ள வைத்தியசாலை எது, எவ்வளவு தூரம் என்று முன்கூட்டியே விசாரியுங்கள். ஆஸ்துமா, வலிப்பு, நீரிழிவு, ஒவ்வாமை உள்ள பிள்ளைகளின் விபரத்தைப் பெற்றோரிடம் எழுத்தில் பெறுங்கள். பெற்றோரே, பிள்ளையை விட்டுவிட்டுப் போவார்கள் என்று பயந்து நோயை மறைக்காதீர்கள். இன்ஹேலர் பையின் அடியில் அல்ல, பிள்ளையின் சட்டைப் பையில் இருக்கட்டும்.

தரையில் படுக்க வேண்டி வந்தால் நுளம்பு வலையைப் பாயின் கீழே நாற்புறமும் செருகுங்கள். நுளம்பை மட்டுமல்ல, விரியனையும் அது தடுக்கும். இரவில் டோர்ச் இல்லாமல் யாரும் ஒதுங்கப் போகக் கூடாது. சப்பாத்தை உதறிவிட்டே போட வேண்டும். பெட்டியில் பண்டேஜ், கையுறை, கத்தரிக்கோல், சவர்க்காரம், ஜீவனி இருக்கட்டும். வீடு திரும்பிய பிறகு சில வாரங்களுக்குள் காய்ச்சல் வந்தால் சேற்றுத் தண்ணீரில் இறங்கியதை வைத்தியரிடம் சொல்லுங்கள். எலிக்காய்ச்சலாக இருக்கலாம். காய்ச்சலுக்குப் பரசிட்டமோல் தவிர வேறு வலிமாத்திரை கொடுக்க வேண்டாம். டெங்கு என்றால் அது இரத்தப்போக்கைக் கூட்டும்.

செஞ்சிலுவைச் சங்கமும் சென் ஜோன் அம்பியுலன்ஸும் நம் நாட்டில் முதலுதவிப் பயிற்சி தருகின்றன. அதிபர்களும் பள்ளிவாசல் நிர்வாகிகளும் ஒரு விதி வைக்கலாம்: பயிற்சி பெற்ற இருவர் இல்லையென்றால் பாசறை இல்லை. டீ-சேர்ட்டுக்குச் செலவழிக்கும் பணத்தில் ஒரு பகுதியை இதற்கு ஒதுக்கினால் போதும்.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது. பிள்ளையை நம்பித் தரும் ஓர் உம்மாவின் முன்னால் எந்த ஆசிரியரும் நான் நின்றது போல் நிற்கக் கூடாது. நள்ளிரவில் ஒரு பிள்ளை வந்து எழுப்பினால் படுக்கச் சொல்லுமுன் எழுந்து உட்கார்ந்து, விளக்கைப் போட்டு, முகத்தைப் பாருங்கள். அல்லாஹ் நம் பிள்ளைகளைப் பாதுகாப்பானாக.